மின் ரயில் பாதையின் ரிலே பாதுகாப்பு: பிரேக்கர் திறக்கும்வரை சோதிப்பதற்கான வழிகாட்டி

1885 இல் நானுஓயாவுக்கு வந்து, பட்டிப்பொலக்கு அருகே 1898 மீற்றர் உயர உச்சியைக் கடந்து, 1924 இல் பதுளையை எட்டிய நமது மலையகப் புகையிரதப் பாதையில் இன்றும் டீசல் எஞ்சின்களே ஓடுகின்றன. நாட்டின் வேறெந்தப் பாதையிலும் ரயிலுக்கான மின்கம்பி இழுக்கப்படவில்லை. ஆயினும் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் மின்தொழில் படித்த பிள்ளைகள் வெளிநாட்டு மின் ரயில்களின் உபநிலையங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். போகுமுன், கோளாற்றைக் கண்டறிந்து மின்னைத் துண்டிக்கக் கட்டளையிடும் ரிலேயைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதியது இது. இங்கேயே இருந்து 33 கிலோவோல்ட் மின்பாதையிலோ, சிறு நீர்மின் நிலையத்திலோ, நாம் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையிலோ வேலை செய்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும், ஏனெனில் ரிலேயிலிருந்து, மின்னைத் துண்டிக்கும் ஆளியான பிரேக்கர்வரை உள்ள சங்கிலி எங்கும் ஒன்றுதான்.

நம்பகத்தன்மை என்றால் என்ன

பாதுகாப்பு அமைப்புக்கு இரண்டு கடமைகள் உண்டு. கோளாறு நேர்ந்தால் தவறாமல் மின்னைத் துண்டிப்பது ஒன்று. கோளாறு இல்லாதபோது, சுமை எவ்வளவு ஏறினாலும், தொலைவில் எங்கே மின்னல் விழுந்தாலும், துண்டிக்காமல் இருப்பது மற்றொன்று. முதலாவது தவறினால், அறுந்து விழுந்த 25 கிலோவோல்ட் கம்பி உயிருடன் தரையில் கிடக்கும். தண்டவாளத்தின் மேலேயே நடந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை நாம் நாள்தோறும் பார்ப்பதால், அது எத்தகைய ஆபத்து என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது தவறினால் ஆட்கள் நிறைந்த ரயில் சுரங்கத்துக்குள்ளோ ஏற்றத்தின் நடுவிலோ நின்றுபோகும். ரிலேயின் கூருணர்வை ஏற்றினால் முதற்கடமை வலுப்பட்டு இரண்டாவது தளரும். இறக்கினால் மறுபக்கம் நடக்கும்.

சங்கிலியில் ஐந்து கண்ணிகள் இருப்பதாகக் கொள்ளுங்கள்: மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் முறையே அளந்து தரும் மின்மாற்றிகளான சீ.டீ., பீ.டீ. என்பவை, ரிலே, பெட்டரியோடு கூடிய டீ.சீ. (நேரோட்ட) வயரிங், பிரேக்கரைத் திறக்கவைக்கும் ட்ரிப் கொயில், பிரேக்கர். ஒவ்வொன்றும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை சரியாக வேலை செய்யும் என்று ஓர் உதாரணத்துக்கு வைத்தால், ஐந்தும் சேர்ந்து சரியாக வேலை செய்யும் வாய்ப்பு 95.1 சதவீதம். இப்போது ரிலேயை மட்டும் இரண்டாக்குவோம். ரிலேயின் பங்கு 99.99 ஆக உயரும். ஆனால் மொத்தம் 96.05 ஐத்தான் எட்டும். புதிய ரிலேக்குச் செலவழித்த பணம் முழுவதும் ஒரு சதவீதத்துக்குள் அடங்கிவிட்டது, ஏனெனில் மற்ற நான்கு கண்ணிகளையும் எவரும் தொடவில்லை. இந்த வழிகாட்டியில் ரிலேக்குக் குறைந்த இடமும் பெட்டரிக்கும் பிரேக்கருக்கும் கூடிய இடமும் தந்திருப்பதற்குக் காரணம் இந்தக் கணக்கே.

படி 1: சுமையையும் கோளாறையும் எண்களாக எழுதுங்கள்

ரிலேயின் அமைப்புத் தாளை, அதாவது ரிலேயில் இடவேண்டிய எண்களை எழுதும் தாளை, கையில் எடுக்குமுன், அந்த மின்பாதையில் ஓடக்கூடிய மிகப்பெரிய சுமை எது, காணவேண்டிய மிகச்சிறிய கோளாறு எது என்று கணக்கிட வேண்டும். ஓர் உதாரணம் செய்து பார்ப்போம். உபநிலையம் ஒருபக்கமாக 30 கிலோமீற்றர் ஊட்டுகிறது; மேற்கம்பியின் மின்மறுப்பு (மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் வரும் எண்) கிலோமீற்றருக்கு 0.45 ஓம், அதன் கோணம் 70 பாகை என்று கொண்டால், கடைக்கோடிவரை 13.5 ஓம். மின்மாற்றிக்கும் அதற்குப் பின்னாலுள்ள வலையமைப்புக்கும் சேர்த்து 5 ஓம் என்று வைத்தால், கடைக்கோடியில் நேரும் கோளாற்றில் ஓடும் மின்னோட்டம் சுமார் 1350 அம்பியர்.

அதே பாதையில் 5 மெகாவாட் வீதம் இழுக்கும் மூன்று ரயில்கள் ஒரே நேரத்தில் ஏறுகின்றன. 25 கிலோவோல்ட்டில் அது 600 அம்பியர், ரிலேயின் கண்ணுக்கு ஏறத்தாழ 42 ஓம். ஆனால் சுமை ஏறும்போது கம்பியின் மின்னழுத்தம் இறங்கும். தொடர்ச்சியாக அனுமதிக்கப்படும் கீழெல்லை 19 கிலோவோல்ட். நவீன எஞ்சின் அதே வலுவை எடுக்க முயல்வதால் மின்னோட்டம் 789 அம்பியராகி, ரிலே காணும் மின்மறுப்பு 24 ஓமாகச் சுருங்கும். சுமை கோளாற்றை நோக்கி நகர்ந்து வருகிறது என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன.

அயல் உபநிலையம் நின்றுவிட்டால் நிலைமை இன்னும் நெருக்கடியாகும். அதன் பகுதியையும் சேர்த்து 60 கிலோமீற்றர் ஊட்டும்போது கடைக்கோடிக் கோளாற்றில் 781 அம்பியர் மட்டுமே ஓடும். அதாவது உண்மையான கோளாறு, முறையான சுமையைவிடச் சிறியதாகிவிடுகிறது! மின்னோட்டத்தின் அளவை மட்டும் பார்க்கும் ரிலே இங்கே எந்த அமைப்பிலும் சரியாக இருக்க முடியாது. மின் ரயில் பாதைகளில், மின்மறுப்பின் அளவையும் கோணத்தையும் பார்த்துத் தீர்மானிக்கும் தூர ரிலே இன்றியமையாததாக ஆனதற்கு இதுவே காரணம்.

நமது மலைப்பாதையின் 44 க்கு 1 என்ற ஏற்றத்தில் 400 தொன் ரயில் ஒன்று மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் ஏறுவதற்கு, இழப்புகளையும் சேர்த்து, ஏறத்தாழ 1 மெகாவாட் போதும். 25 கிலோவோல்ட்டில் அது 40 அம்பியர்தான். ஆகவே ஏற்றம் என்றவுடன் சுமை பெரிது என்று முடிவு கட்டாமல், எடையையும் வேகத்தையும் போட்டுப் பார்க்க வேண்டும். இறக்கத்தில் மறக்கக்கூடாத விடயம் வேறு: பிரேக் பிடிக்கும் எஞ்சின் மின்னைக் கம்பிக்குத் திருப்பித் தருவதால் மின்னோட்டத்தின் திசை மாறும். அந்தத் திசையைக் கோளாறு என்று எண்ணாத அமைப்பு ரிலேயில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: எல்லையை வரைபடத்தில் வரையுங்கள்

ரிலே காணும் மின்மறுப்பு எதற்குள் விழுந்தால் அது இயங்க வேண்டுமோ அதுவே எல்லை. 13.5 ஓம் பாதைக்கு 20 சதவீதம் கூட்டி 16.2 ஓம் என்று எல்லை வைப்போம். சீ.டீ. 1000க்கு 1, பீ.டீ. 25000க்கு 110 என்றால், ரிலேயில் இடவேண்டிய எண் 71.3 ஓம். முதன்மைப் பக்கத்து எண்ணைத் துணைப் பக்கத்துக்கு மாற்றும் இந்த ஒரு பெருக்கலில் தவறு புகுந்தால் பின்னால் செய்யும் எல்லாச் சோதனைகளும் தவறான எண்ணைச் சரியென்று உறுதிப்படுத்தும். எனவே இதை இருவர் தனித்தனியாகச் செய்து ஒப்பிட வேண்டும்.

மூலப்புள்ளி வழியாகச் செல்லும் வட்ட வடிவ எல்லையானால், 70 பாகையில் 16.2 ஓம் எட்டும் ரிலே, வலுக்காரணி 1 உடைய (மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் இடையில் கோணமே இல்லாத) நவீன எஞ்சினின் திசையில் 5.5 ஓம்தான் எட்டும். 24 ஓம் சுமை வெகு தொலைவில் இருக்கிறது, பாதுகாப்பானதுதான். ஆனால் 10 கிலோமீற்றர் தொலைவில் மரக்கிளை விழுந்து 15 ஓம் தடையோடு கோளாறு ஏற்பட்டால், ரிலே 14 பாகைக் கோணத்தில் 17 ஓம் காணும். அந்தத் திசையில் வட்டத்தின் எட்டம் 9 ஓம் மட்டுமே. ரிலே அசையாது. பாறையும் சரளையும் நிறைந்த, மண்தடை கூடிய, இருபுறமும் மரங்கள் சாய்ந்து நிற்கும் மலைச்சரிவில் இத்தகைய கோளாற்றைத்தான் முதலில் எதிர்பார்க்க வேண்டும்.

ஆகவே நாற்கர எல்லையைத் தெரிவுசெய்து, தடைப்பக்கத்து எட்டத்தைச் சுமையின் 80 சதவீதமான 19 ஓமில் வைத்தால் அந்தக் கிளைக் கோளாறு எல்லைக்குள் வந்துவிடும். இதற்கும் விலை உண்டு. வலுக்காரணி 0.8 உடைய பழைய எஞ்சின்களின் சுமை 37 பாகைத் திசையில் விழுவதால், அதே 24 ஓம் இப்போது எல்லையின் மேலேயோ உள்ளேயோ வந்து உட்காரும். அந்தப் பாதையில் எந்த எஞ்சின்கள் ஓடுகின்றன என்று கேட்டறியாமல் இந்த எண்ணை எவரும் தீர்மானிக்கக்கூடாது. 60 கிலோமீற்றர் ஊட்டும் வேளைக்குத் தனியான அமைப்புத் தொகுதி ஒன்றை ரிலேயில் வைத்து, அப்போது ஒரே நேரத்தில் ஏறக்கூடிய ரயில்களின் எண்ணிக்கையையும் எழுத்தில் கட்டுப்படுத்துவது நல்லது.

படி 3: சீ.டீ., பீ.டீ. சோதனை

வேலை அனுமதிச் சீட்டு, துண்டிப்பு, நிலத்தொடுப்பு ஆகிய மூன்றும் முடிந்த பிறகே பெனலுக்குப் பின்னால் போக வேண்டும். அருகில் உயிருள்ள 25 கிலோவோல்ட் கம்பி ஓடினால், துண்டிக்கப்பட்ட கம்பியிலும் தூண்டல் மின்னழுத்தம் இருக்கும் என்பதை மறக்கக்கூடாது. மின்னோட்டம் ஓடும் சீ.டீ.யின் துணைச்சுற்றை ஒருபோதும் திறக்காதீர்கள். முதலில் குறுக்கே இணைத்துவிட்டே பிரியுங்கள்.

விகிதம், முனைத்திசை, காப்புத்தடை ஆகியவற்றோடு, மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றி வளைவுப் புள்ளியையும் அளக்க வேண்டும். மின்னழுத்தம் 10 சதவீதம் கூடும்போது மின்னோட்டம் 50 சதவீதம் கூடும் இடமே அந்தப் புள்ளி. முன்னைய ஆண்டின் எண்ணைவிட அது தெளிவாக இறங்கியிருந்தால் உள்ளே சுற்றுகளுக்கிடையில் கோளாறு தொடங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். துணைச்சுற்று ஒரே ஓர் இடத்தில் மட்டும் நிலத்தொடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

படி 4: பெட்டரி

தீர்மானிப்பது ரிலே; பிரேக்கரைத் திறக்கும் சக்தி பெட்டரியிலிருந்து வருகிறது. கோளாறு நேரும் கணத்தில் ஏ.சீ. மின்னழுத்தம் சரிந்துவிடும் என்பதால் சார்ஜர் அப்போது துணைக்கு வராது. சார்ஜர் இணைந்தபடியே பெட்டரி நிறைந்து நிற்கும் மிதப்பு நிலையில் வோல்ட்மீற்றர் காட்டும் எண் சார்ஜரின் எண்ணே ஒழிய பெட்டரியின் நலத்தைச் சொல்லும் எண் அல்ல. 110 வோல்ட் அமைப்பில் 55 செல்கள் இருந்தால் மிதப்பு மின்னழுத்தம் 121 வோல்ட் அளவில் அழகாக நிற்கும், உள்ளே ஒரு செல்லின் இணைப்பு அரித்துப்போயிருந்தாலும்கூட!

எனவே சார்ஜரை நிறுத்தி, சுமை கொடுத்து, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளவெடுக்க வேண்டும். அளவெடுத்துக் கொண்டிருக்கும்போதே பிரேக்கரை ஒருமுறை திறக்கச் செய்து, அக்கணத்தில் ட்ரிப் கொயிலின் முனைகளில் எவ்வளவு வோல்ட் எஞ்சுகிறது என்று பதிவுசெய்யுங்கள். திறக்கும் கொயில்கள் பெயரளவு மின்னழுத்தத்தின் 70 சதவீதத்திலும் இயங்க வேண்டும் என்பது சர்வதேச நியமம். 110க்கு அது 77 வோல்ட். பெட்டரி அறையில் 100 வோல்ட் இருந்து, நீண்ட மெல்லிய வயர் வழியாகப் போய்க் கொயிலில் 77 இற்கும் கீழே இறங்கினால், குற்றம் பெட்டரியில் இல்லை, வயரில் இருக்கிறது.

குளிர் இங்கே கூடுதலான கவனத்தைக் கேட்கிறது. ஈய-அமில பெட்டரியின் கொள்ளளவு 25 பாகை செல்சியஸுக்குக் கீழே ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 1 சதவீதம் குறையும். தையிலும் மாசியிலும் உறைபனி விழும் நுவரெலியா இரவுகளில், கொழும்பில் போதுமாயிருந்த பெட்டரி போதாமற்போகும். மிதப்பு மின்னழுத்தத்தையும் வெப்பநிலைக்கேற்பத் திருத்த வேண்டும்: செல்லுக்கு, பாகைக்கு, 3 மில்லிவோல்ட் வரை. 10 பாகை அறையில் 55 செல்களுக்கு இது ஏறத்தாழ 2.5 வோல்ட் கூட்டுவதாகும்.

டீ.சீ. நிலக்கசிவையும் இதே படியில் பாருங்கள். நலமான அமைப்பில் இரு முனைகளும் நிலத்துக்கு எதிராக ஏறத்தாழ 55 வோல்ட் வீதம் காட்டும். ஒன்று பூச்சியத்தை நோக்கி இறங்கி மற்றது 110 ஐ நோக்கி ஏறினால், எங்கோ வயர் நிலத்தைத் தொட்டிருக்கிறது. ஒரு கசிவு எதையும் செய்யாது. இரண்டாவது கசிவு வேறிடத்தில் சேரும்போது, ரிலேயின் தொடுகையைச் சுற்றிக்கொண்டு மின்னோட்டம் ஓடிப் பிரேக்கரைக் காரணமின்றித் திறக்கலாம், அல்லது ட்ரிப் கட்டளையை விழுங்கிவிடலாம். மூடுபனி நாட்களில் வெளிமுற்றத்து இணைப்புப் பெட்டிகளுக்குள் ஈரம் படிவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். பெட்டிக்குள் இருக்கும் சிறு ஹீற்றர் வேலை செய்கிறதா, கேபிள் நுழையும் துளை அடைக்கப்பட்டிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். எறும்பும் பல்லியும் கூடு வைப்பதும் அந்தத் துளை வழியாகத்தான்.

படி 5: ரிலே

இது நன்கு அறியப்பட்ட வேலை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சோதனைக் கருவியை இணைப்பதற்கான டெஸ்ட் புளொக் வழியாகத் துணைப்பக்கத்து மின்னோட்டமும் மின்னழுத்தமும் செலுத்தி, எல்லையின் பல கோணங்களில் இயங்கும் புள்ளியையும் நேரத்தையும் அளந்து அமைப்புத் தாளோடு ஒப்பிடுங்கள். எல்லைக்குச் சற்று வெளியே சுமைப்புள்ளியையும் கொடுத்து, ரிலே அமைதியாக இருப்பதையும் உறுதிசெய்யுங்கள். பலர் இந்த இரண்டாவது பாதியைச் செய்வதில்லை. ரிலேக்குள் இருக்கும் அமைப்புக் கோப்பு, அங்கீகரிக்கப்பட்ட கோப்புத்தானா என்று வரிக்குவரி பார்க்க வேண்டும். கடிகாரமும் சரியாக ஓட வேண்டும். ஐந்து நிமிடம் பிந்திய கடிகாரத்தின் பதிவை வைத்து இரண்டு உபநிலையங்களின் நிகழ்வுகளை ஒழுங்குபடுத்த முடியாது.

படி 6: பிரேக்கரின் முதல் திறப்பு

பல மாதங்கள் மூடியே இருந்த பிரேக்கரின் பொறிமுறையில் கிரீஸ் இறுகும். குளிரில் இன்னும் விரைவாக இறுகும். அது முதல் தடவை திறக்கும்போது தாமதமாகும், இரண்டாவது தடவை இலகுவாகத் திறக்கும், மூன்றாவதில் புதியதுபோல இருக்கும். கோளாறு வரும் நாளில் கிடைக்கப்போவது முதல் திறப்பு மட்டுமே. ஆனால் வழமையில், பிரேக்கரை இரண்டு மூன்று முறை இயக்கிப் பார்த்துவிட்டு, சுத்தம் செய்து, எண்ணெய் போட்டு, பிறகே நேரம் அளக்கிறார்கள். அளவெடுக்கும்போது சாட்சியம் அழிந்துவிட்டிருக்கும்.

எனவே வேலைக்குப் போனவுடன், எதையும் தொடுமுன், கொயிலின் மின்னோட்டத்தைப் பதியும் கருவியை இணைத்து, ரிலே வழியாகவே முதல் திறப்பைக் கட்டளையிடுங்கள். கொயில் மின்னோட்டத்தின் வளைவில், உள்ளிருக்கும் அச்சு நகரும் இடம் ஒரு சிறு பள்ளமாகத் தெரியும். அந்தப் பள்ளம் முன்னைய ஆண்டைவிடத் தள்ளிப்போயிருந்தால் பொறிமுறை இறுகத் தொடங்கியிருக்கிறது. இந்த வளைவைக் காகிதத்தில் எடுத்து பிரேக்கரின் கோப்பில் ஆண்டுவாரியாக ஒட்டி வையுங்கள்.

படி 7: திறந்த லிங்க்குகளை மூடுதல்

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு ஸ்டோருக்கு ஊட்டும் மின்பாதையில் மரம் விழுந்தது. எங்கள் ரிலே சரியாகக் கண்டது. ரிலேயின் குறிகாட்டிக் கொடி விழுந்தது, விளக்கு எரிந்தது. பிரேக்கர் திறக்கவில்லை. மேலேயுள்ள பாதுகாப்பு வெட்டிய பிறகே மின் நின்றது. அதற்குள் கேபிள் முனையொன்று கருகிவிட்டது. மூத்த தொழில்நுட்பவியலாளர் பெனலைத் திறந்து பார்த்து, "தம்பி, இந்த ட்ரிப் லிங்க்க யாரு தொறந்து வச்சது?" என்று கேட்டார். ரிலேயின் கட்டளை பிரேக்கருக்குப் போகாமலிருக்க, முந்தைய மாதச் சோதனைக்காக அந்த இணைப்புத் துண்டைத் திறந்தவன் நான்தான். ரிலே தேறியதாக அறிக்கையில் கையொப்பமிட்டிருந்தேன், லிங்க்கை மூடவில்லை.

அன்றிலிருந்து நான் பின்பற்றும் முறை இது. திறக்கும் ஒவ்வொரு லிங்க்கையும் திறக்கும் கணத்திலேயே தாளில் எழுதி, அதன்மேல் சிவப்பு நாடா கட்டுவேன். வேலை முடிந்ததும் வேறொருவர் அந்தத் தாளைக் கையில் வைத்து ஒவ்வொன்றாக வாசிக்க, நான் மூடி நாடாவை அவிழ்த்து அவர் கையில் கொடுப்பேன். நாடாக்களின் எண்ணிக்கையும் தாளின் வரிகளும் ஒத்துப்போக வேண்டும். அதன் பின்னர் ரிலேயிலிருந்து ஒரு இறுதி ட்ரிப் கொடுத்து, பிரேக்கர் உண்மையிலேயே திறப்பதைக் கண்ணால் பார்ப்பேன். இறுதித் திறப்புக்குப் பிறகு எந்த லிங்க்கையும் தொடுவதில்லை.

ட்ரிப் சுற்றைத் தொடர்ந்து கண்காணிக்கும் ரிலே ஒன்று இருந்திருந்தால் அந்த லிங்க் அன்றே மணியடித்திருக்கும். இதன் பயனைக் கணக்கிலும் காணலாம். 50 ஆண்டுக்கு ஒருமுறை மறைவாகப் பழுதடையும் சுற்றை 2 ஆண்டுக்கு ஒருமுறை சோதித்தால், அது பழுதாகக் கிடக்கும் நேரத்தின் சராசரிப் பங்கு 2 சதவீதம். ஆண்டுதோறும் சோதித்தால் 1 சதவீதம். கண்காணிப்பு ரிலே உடனே சொல்லி ஒரு நாளில் திருத்தினால் 0.005 சதவீதம். குறைந்த செலவில் இவ்வளவு பலன் தரும் வேறு வேலை இந்தத் துறையில் இருப்பதாக நான் அறியேன். அது பிரேக்கர் மூடியிருக்கும்போதும் திறந்திருக்கும்போதும் கண்காணிக்கும் வகையாக இருக்க வேண்டும்.

படி 8: பின்காப்பு

பிரேக்கர் திறக்க மறுத்தால் அடுத்த பிரேக்கருக்குச் செய்தி போக வேண்டும். இதற்கான காத்திருப்பு வழக்கமாக 150 முதல் 250 மில்லிசெக்கன் வரை. முதன்மைப் பாதுகாப்பும் பின்காப்பும் ஒரே பியூசிலிருந்து டீ.சீ. எடுத்தால் பின்காப்பு என்ற பெயருக்கே பொருளில்லை. பியூஸ், சீ.டீ. உள்ளகம், ட்ரிப் கொயில் ஆகியவை இரண்டுக்கும் தனித்தனியா என்று வரைபடத்தில் மட்டும் பார்க்காமல் வயரைப் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். 2021 டிசம்பர் 3 ஆம் திகதியும் 2023 டிசம்பர் 9 ஆம் திகதியும் கொத்மலை–பியகம மின்பாதையில் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்தியது நமக்கு நினைவிருக்கிறது. ஓரிடத்துக் கோளாறு அவ்விடத்தோடு நிற்காதபோது எவ்வளவு தூரம் பரவும் என்பதை இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் அந்த நாட்களை வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

படி 9: பருவத்தைப் பார்த்து நாள் குறியுங்கள்

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடிமழை; மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவான ஹட்டன், வட்டவளைப் பக்கம் தென்மேல் பருவமழை; ஆண்டின் இறுதியில் பதுளைப் பக்கம் வடகீழ் மழை. ஆகவே மேற்குச் சரிவில் ஆண்டுச் சோதனையைப் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் முடித்துவிடுவதே உசிதம். காப்புத்தடையை மட்டும் ஈரமான நாளொன்றில் இன்னொரு முறை அளக்க வேண்டும். வெயில் நாளில், காப்புத்தடையை அளக்கும் கருவியான மெகர் காட்டும் எண் மழைநாளின் கசிவைச் சொல்லாது.

படி 10: ஒவ்வொரு ட்ரிப்பையும் சோதனையாக வாசியுங்கள்

மின்பாதை ட்ரிப் ஆகி, தானே மீண்டும் மூடி, ரயில் நகர்ந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். கிளை விழுந்து நீங்கிய கோளாறாகவே அது இருக்கலாம். இருந்தாலும் ரிலேயின் பதிவை அன்றே இறக்கிக்கொள்ள வேண்டும். ரிலே சொன்ன தூரத்தையும், பாதையில் நடந்துபோன ஆட்கள் கண்ட இடத்தையும் ஒப்பிட்டால், 0.45 ஓம் என்று நாம் கொண்ட எண் சரியா என்பது தெரியவரும். ட்ரிப் கட்டளை எழுந்த கணத்துக்கும் மின்னோட்டம் பூச்சியமான கணத்துக்கும் இடையிலான மில்லிசெக்கன்களை எண்ணி, படி 6 இல் ஒட்டிய வளைவுக்குப் பக்கத்தில் திகதியோடு எழுதுங்கள். அந்த இடைவெளி ட்ரிப்புக்கு ட்ரிப் நீண்டுகொண்டே போனால், அடுத்த ஆண்டுச் சோதனைவரை காத்திராமல் அந்தப் பிரேக்கரை அந்த வாரமே சேவையிலிருந்து எடுத்துக் கழற்றிப் பாருங்கள்.